மூன்று ரூபாய் அபராதம்

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தபோது அம்பத்தூர் ஷெட்டில் ஒரு பழைய லேத்தைப் பிரித்துப் போட்டுவிட்டுக் கையெல்லாம் கிரீஸோடு நின்றிருந்தேன். ஹாஸ்டல் மெஸ், ஒர்க்ஷாப் ஃபைலிங், கடைசி வருஷ டூர் பற்றியெல்லாம் ஏற்கெனவே பத்துப் பேர் எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். வேறு ஏதாவது, உபயோகமாக, யாராவது ஒரு பெரிய மனிதரைப் பற்றி எழுதிக் கொடப்பா என்றார் செயலாளர். சரி என்று சொல்லிவிட்டேன். மூன்று வாரம் கழித்து உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் எழுதப்போவது சர் டி. முத்துசாமி ஐயரைப் பற்றி. திருவாரூர் முத்துசாமி என்றதும் தீட்சிதர் ஞாபகம் வருவது இயல்பு. இவர் வேறு. சென்னை ஹைகோர்ட்டில் நீதிபதியாக உட்கார்ந்த முதல் இந்தியர். ஒரு மெக்கானிக்கல்காரனுக்கு ஜட்ஜோடு என்ன சம்பந்தம் என்று நம் பேட்ச் நண்பர்கள் கேட்பார்கள். சிவில் என்றாலே நமக்குத் தெரிந்தது பக்கத்து பிளாக்கில் தியோடலைட்டைத் தோளில் வைத்துக்கொண்டு வெயிலில் நடந்தவர்கள்தான். சிவில் வழக்கு என்று ஒன்று இருப்பதை நான் கற்றுக்கொண்டது 2015 டிசம்பருக்குப் பிறகு. அந்தக் கதையைக் கொஞ்சம் சொல்லிவிட்டு அவரிடம் போகிறேன்.

என் வீடு செம்பரம்பாக்கத்தில். ஏரிக்கரையில் ஏறி நின்றால் மறுகரை தெரியாது. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, முழு உயரம் 24 அடி என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் மனப்பாடம். 2015 டிசம்பர் 1 இரவு 29,000 கன அடி வரை அடையாற்றில் திறந்துவிட்டதை ஊரே அறியும். அதே மழையில் அம்பத்தூரில் எங்கள் ஷெட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். அப்பா நாற்பது வருஷம் வைத்துக் காத்த இரண்டு லேத்தும் ஒரு மில்லிங் மெஷினும் சேற்றில். நாங்கள் ஒரு கம்பெனிக்கு 4,80,000 ரூபாய்க்குப் பாகங்கள் செய்து கொடுக்க வேண்டியிருந்தது. 19 நாள் தாமதமாகக் கொடுத்தோம். பர்ச்சேஸ் ஆர்டரின் பின்பக்கத்தில், பொடி எழுத்தில், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 2 சதவீதம் பிடித்தம் என்று இருந்தது. 38 சதவீதம். 1,82,400 ரூபாயைக் கழித்துக்கொண்டு செக் அனுப்பினார்கள். அப்பா செக்கைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. கையெழுத்துப் போட்டது நாமதானே என்று மட்டும் சொன்னார்.

கையெழுத்துப் போட்டால் போட்டதுதானா? இந்தக் கேள்வியோடுதான் ஒரு நண்பனின் மாமாவான வக்கீலைத் தம்புச்செட்டித் தெருவில் போய்ப் பார்த்தேன். அவர் 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தில் 74-ஆவது பிரிவை எடுத்துக் காட்டினார். ஒப்பந்தத்தில் எழுதிய அபராதத் தொகை ஒரு கூரை. அதற்கு மேலே போக முடியாது. அதற்குள்ளே எவ்வளவு நியாயமோ அதைத்தான் கோர்ட் கொடுக்கும். எழுதியிருக்கிறது என்பதற்காக முழுசையும் தூக்கிக் கொடுத்துவிடாது. எது நியாயம் என்று பார்ப்பது நீதிபதியின் பொறுப்பு. தப்புக்கும் தண்டனைக்கும், நஷ்டத்துக்கும் ஈட்டுக்கும் ஒரு விகிதாசாரம் இருக்க வேண்டும் என்றார். விகிதாசாரம் என்று காதில் விழுந்ததும் எனக்கு உயிர் வந்தது. அது நம்ம சப்ஜெக்ட் ஆயிற்றே!

அன்றைக்கு ஏதோ வேலையாக ஹைகோர்ட்டுக்குள் போனவர் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கேதான் அந்தச் சிலையைப் பார்த்தேன். தலைப்பாகை, நீண்ட அங்கி, நாற்காலியில் உட்கார்ந்த கோலம், வெறுங்கால். சுற்றிலும் பளபளவென்று ஷூ போட்டவர்கள் ஓடிக்கொண்டிருக்க, அந்த வெறுங்காலைத்தான் நான் பார்த்துக்கொண்டு நின்றேன். யார் சார் இது என்று கேட்டேன். அந்தக் கேள்விக்குப் பதிலாக அன்றிலிருந்து அவ்வப்போது படித்ததுதான் இந்தக் கட்டுரை.

முத்துசாமி ஐயர் 1832 ஜனவரி 28-இல் தஞ்சை ஜில்லாவில் ஒரு ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். சின்ன வயதிலேயே தகப்பனார் போய்விட்டார். பிழைப்புக்காக கிராமக் கணக்கு எழுதப் போனார் பையன். சம்பளம் மாதம் 1 ரூபாய். கொஞ்ச காலத்தில் தாயாரும் போய்விட்டார். தெருவிளக்கடியில் படித்தார் என்று பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். பெரிய மனிதர் எல்லாருக்கும் ஒரு தெருவிளக்கை நட்டுவிடுவது நம் வழக்கம். அதைவிட எனக்குப் பிடித்தது அவர் வாழ்க்கையில் வரும் ஒரு ஆற்றுக் கதை.

முத்துசாமி நாயக்கர் என்று ஒரு தாசில்தார். ஒருநாள் அவர் கச்சேரியில் இருந்தபோது, வெள்ளத்தில் ஒரு ஆற்றின் கரை உடைந்துவிட்டது என்று தகவல் வந்தது. போய்ப் பார்த்து வரக் குமாஸ்தாவைத் தேடினால் ஆளில்லை. கணக்கெழுதும் பையன்தான் இருந்தான். அவனை அனுப்பினார். பையன் போனான், பார்த்தான், விசாரித்தான், திரும்பி வந்து முழு விவரத்தோடு ரிப்போர்ட் கொடுத்தான். பையன் சொல்வதை எப்படி நம்புவது என்று பிறகு பெரிய குமாஸ்தா சரிபார்த்ததில் எல்லாம் சரியாக இருந்தது. அதோடு பையனின் தலையெழுத்தே மாறிவிட்டது.

கரை உடைந்தது என்று ஓடி வந்து கத்துகிறவன் எல்லா ஊரிலும் உண்டு. எவ்வளவு உடைந்தது, எங்கே உடைந்தது, தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து வந்து சொல்கிறவன் அபூர்வம். எங்கள் ஊரில் மழைக்காலத்தில் ஏரி நிரம்பும்போது வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளைப் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். பின்னாளில் அவர் நீதிபதியாகச் செய்ததெல்லாம் இந்த ஒரு வேலையின் நீட்சி என்றே எனக்குத் தோன்றுகிறது. எவ்வளவு என்று கேட்பது.

தாசில்தார் அவரைப் படிக்க வைத்தார். சென்னைக்கு அனுப்பினார். அங்கே பவல் துரையின் கண்ணில் பட்டார். பிரசிடென்சி காலேஜை வளர்த்த அதே ஏர் பர்ட்டன் பவல்தான். 1854-இல் ஒரு ஆங்கிலக் கட்டுரைப் போட்டியில் 500 ரூபாய் பரிசு கிடைத்தது. மாதம் 1 ரூபாய்க்குக் கணக்கெழுதியவருக்கு அது நாற்பத்தொரு வருஷத்துக்கு மேற்பட்ட சம்பளம். (பழக்க தோஷம், வகுத்துப் பார்த்தேன்.) அப்புறம் வாத்தியார் வேலை, தஞ்சாவூர் கலெக்டர் ஆபீசில் ரிக்கார்டு வேலை, பள்ளிக்கூட இன்ஸ்பெக்ஷன் வேலை. பிறகு வக்கீல் பரீட்சையில் தேறி, தரங்கம்பாடியில் ஜில்லா முன்சீப் ஆனார். நடுவில் இனாம் கமிஷனில் சில வருஷம். 1865 வாக்கில் மங்களூரில் சப் ஜட்ஜ். 1868-இல் சென்னையில் போலீஸ் மாஜிஸ்திரேட். அந்த உத்தியோகத்தில் இருந்துகொண்டே பி.எல். படித்துப் பட்டம் வாங்கினார். வேலை பார்த்துக்கொண்டே பார்ட் டைமில் எம்.இ. முடித்த நம் பேட்ச்காரர்கள் இரண்டு பேருக்கு இந்த இடத்தில் ஒரு வணக்கம்.

மாஜிஸ்திரேட்டாக இருந்தபோதுதான் அந்த மூன்று ரூபாய் வழக்கு.

ஹைகோர்ட் நீதிபதியான ஒரு வெள்ளைக்காரத் துரையின் பங்களா காம்பவுண்டுக்குள் ஒரு ஏழை நம்மூர்க்காரர் நுழைந்துவிட்டார். துரை அவரை அடித்துவிட்டார். அடிபட்டவர் முத்துசாமி ஐயரிடம் வந்து புகார் கொடுத்தார். அந்தக் காலத்தில் இதை என்ன செய்வார்கள் என்று நமக்குத் தெரியும். ஏதோ சொல்லி அனுப்பிவிடுவார்கள். இவர் துரைக்கு சம்மன் அனுப்பினார். இவருக்கு மேலே இருந்த தலைமை மாஜிஸ்திரேட், ஹைகோர்ட் ஜட்ஜையா கூண்டில் நிறுத்துவது, நேரில் வர வேண்டாம் என்று விட்டுவிடலாமே என்று நினைத்தார். இவர் கேட்கவில்லை. விசாரித்தார். குற்றம் என்று தீர்ந்தது. அபராதம் 3 ரூபாய்.

இந்தக் கதையை முதலில் படித்தபோது எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இவ்வளவு தைரியமாக சம்மன் அனுப்பிவிட்டு வெறும் மூன்று ரூபாயா? நான் எதிர்பார்த்தது வேறு. திருவாரூர் என்றாலே நமக்குத் தேர்க்காலில் மகனைக் கிடத்திய மனுநீதிச் சோழன் ஞாபகம் வருகிறது. அந்தச் சோழனுக்கும் ஹைகோர்ட் வளாகத்தில் ஒரு சிலை உண்டு. கன்றுக்கு மகன். அதைக் கேட்டால் மெய்சிலிர்க்கும். ஆனால் தெரியாமல் தேரை ஓட்டிய ஒருவனுக்கு உயிர்தான் விலையா என்று அந்தக் கதையில் யாரும் நின்று யோசிப்பதில்லை. அதே ஊர்ப் பெயரைத் தாங்கிய இந்த மனிதர், அடித்தவர் யார் என்பதற்காக அபராதத்தைக் குறைக்கவும் இல்லை, ஏற்றவும் இல்லை. ஆள் யார் என்ற கேள்வி சம்மனோடு முடிந்துவிட்டது. யாராக இருந்தாலும் வரவேண்டும். வந்த பிறகு கேள்வி, அடி எவ்வளவு என்பது மட்டும். அத்துமீறி நுழைந்தவனைக் கோபத்தில் அடித்த ஒரு சில்லறைத் தகராறுக்கு ஒரு சில்லறை அபராதம். வண்டிக்காரன் அடித்திருந்தாலும் அதேதான் என்று வைத்துக்கொண்டால், அந்த மூன்று ரூபாயில்தான் அவருடைய துணிச்சல் முழுசும் இருக்கிறது. முந்நூறு போட்டிருந்தால் அது பழிவாங்கல் என்று பேசியிருப்பார்கள், பேசுவதற்கு இடமும் இருந்திருக்கும்.

அது கிரிமினல் கோர்ட் விஷயம். சிவில் பக்கம் அவர் வேலை செய்த இடங்களில் ஒன்று சென்னை ஸ்மால் காஸ் கோர்ட். சில்லறை வழக்குக் கோர்ட் என்று சொல்லலாம். சின்னத் தொகைக்கு சின்ன நடைமுறை, சீக்கிரம் தீர்ப்பு, அப்பீலுக்கு அதிக இடமில்லை. பத்து ரூபாய்க் கடனுக்கு ஐம்பது ரூபாய் செலவழித்து வழக்கு நடத்த வைப்பது நீதியல்ல என்பதுதான் அந்தக் கோர்ட்டின் அடிப்படை. இங்கிலாந்தில் 1990-களில் உல்ஃப் பிரபு என்ற நீதிபதி பெரிய ஆராய்ச்சி செய்து, வழக்கின் மதிப்புக்கும் சிக்கலுக்கும் தக்கபடிதான் செலவும் நடைமுறையும் இருக்க வேண்டும் என்று சிபாரிசு செய்தார். 1999-இல் அது அங்கே சிவில் நடைமுறை விதிகளிலேயே ஏறியது. பெரிய சீர்திருத்தம் என்று உலகமே பேசியது. நம் ஊரில் அந்த யோசனைக்கு ஒரு கட்டடமே நூறு வருஷத்துக்கு முன்னாலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. அது எவ்வளவு வேகமாக ஓடியது என்பதைப் பற்றி நான் பேச்செடுக்கவில்லை.

1877-இல் ஹைகோர்ட் நீதிபதிப் பதவி அவரைத் தேடி வந்தது. வந்ததும் சென்னையிலிருந்த வெள்ளைக்காரப் பத்திரிகைகள் ஒரே கூச்சல். நேட்டிவ் ஒருவரை அந்த நாற்காலியில் உட்கார வைப்பதா என்று எழுதித் தீர்த்தார்கள். பதில் சொல்ல நம்மவர்களுக்கு ஒரு பத்திரிகை இல்லை. திருவல்லிக்கேணியில் ஆறு இளைஞர்கள், அதில் ஜி. சுப்பிரமணிய ஐயரும் எம். வீரராகவாச்சாரியாரும் உண்டு, ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா கடன் வாங்கி 80 பிரதி அச்சடித்தார்கள். 1878 செப்டம்பர் 20. அதுதான் ஹிந்து பத்திரிகை. காலையில் காபியோடு அதைப் புரட்டுகிற எத்தனை பேருக்கு அது இந்த வெறுங்கால் மனிதருக்காகத் தொடங்கியது என்று தெரியுமோ! எனக்குத் தெரியாது, வக்கீல் மாமா சொல்லும்வரை.

அவர் ஹைகோர்ட்டில் இருந்த பதினேழு வருஷம் சட்டத்தில் ஒரு விசேஷமான காலம். அதற்கு முன் கோர்ட்டுகள் இங்கிலாந்துத் தீர்ப்பையும் சாஸ்திரத்தையும் உள்ளூர் வழக்கத்தையும் கலந்து ஏதோ சமாளித்துக்கொண்டிருந்தன. 1872-இல் ஒப்பந்தச் சட்டம், 1877-இல் குறித்த பரிகாரச் சட்டம், 1882-இல் சொத்துரிமை மாற்றுச் சட்டமும் வசதியுரிமைச் சட்டமும் என்று வரிசையாக எழுத்துச் சட்டம் வந்து இறங்கியது. மெஷின் வந்து இறங்கிவிட்டது, மேனுவலும் கூடவே வந்தது, ஓட்டிப் பார்க்க வேண்டியது இவர் தலைமுறை. எந்த மேனுவலிலும் எல்லாம் எழுதியிருக்காது என்பது மெஷின் ஓட்டியவனுக்குத் தெரியும். எழுதாமல் விட்ட இடத்துக்கு சட்டத்தில் டிஸ்கிரிஷன் என்று பெயர். விருப்புரிமை என்று தமிழில் போடுகிறார்கள். எனக்கு அந்த வார்த்தை பிடிக்கவில்லை, நீதிபதி தன் இஷ்டத்துக்கு எதையும் செய்யலாம் என்பது மாதிரி இருக்கிறது. 1877-ஆம் வருஷத்துச் சட்டம் அப்படிச் சொல்லவே இல்லை. இடத்தை விற்கிறேன் என்று ஒப்புக்கொண்டவன் பின்வாங்கினால், எழுதிக் கொடு என்று கோர்ட் கட்டாயப்படுத்தலாம், கட்டாயப்படுத்தாமலும் விடலாம். ஆனால் அதற்குக் காரணம் வேண்டும். காரணம் நியாயமாக, சட்ட நெறிக்குள், மேல்கோர்ட் பார்த்துத் திருத்தக்கூடியதாக இருக்க வேண்டும். முன்கூட்டி நினைத்தே பார்த்திருக்க முடியாத கஷ்டம் ஒருவன் தலையில் விழுமானால், நிறைவேற்று என்று அடம்பிடிக்காமல் விடலாம். இதுதான் அதன் சாரம்.

டாலரன்ஸ் போட்டு டிராயிங் கொடுப்பது போலத்தான் இது. இருபத்தைந்து மில்லிமீட்டர் தண்டு என்றால் ஆபரேட்டர் தன் கைப்போக்கில் கடையலாம் என்று அர்த்தமா? மேலே இவ்வளவு, கீழே இவ்வளவு, அதற்குள்ளே அவன் கைத்திறமை. வெளியே போனால் ரிஜெக்ட். ஒரு வித்தியாசம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். தண்டுக்கு வலிக்காது.

இந்த இடத்தில் எங்கள் ஏரிக்குச் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கைச் சொல்லாமல் போக மனசில்லை. முத்துசாமி ஐயர் ஹைகோர்ட்டுக்கு வருவதற்கு முந்தியது, அவருக்கு அதில் பங்கில்லை. கார்வேட்டிநகர் ஜமீனில் பெருமழையில் ஏரிகள் உடைந்து மெட்ராஸ் ரயில்வே கம்பெனியின் பாலங்களையும் பாதையையும் அடித்துக்கொண்டு போய்விட்டன. கம்பெனி ஜமீன்தார்மேல் நஷ்டஈட்டு வழக்குப் போட்டது. இங்கிலாந்தில் அப்போதுதான், 1868-இல், ஒரு பெரிய தீர்ப்பு வந்திருந்தது. தன் நிலத்தில் தண்ணீரைத் தேக்குகிறவன், அது தப்பித்துப் போய் அடுத்தவனுக்குச் சேதம் செய்தால், கவனக்குறைவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கொடுக்க வேண்டியதுதான் என்று. அதை அப்படியே இங்கே மாட்டிவிடலாம் என்று ரயில்வே பார்த்தது. வழக்கு லண்டனில் பிரிவி கவுன்சில்வரை போய் 1874-இல் முடிந்தது. ஜமீன்தார் ஜெயித்தார். இந்த நாட்டில் ஏரி என்பது ஒருவன் தன் சௌகரியத்துக்குக் கட்டிக்கொண்ட தொட்டியல்ல, தொன்றுதொட்டு ஜனங்கள் உயிர்வாழ இருப்பது, அதைக் காப்பாற்றுவது ஜமீன்தாரின் உரிமை மட்டுமல்ல, கடமை, ஆகவே கவனக்குறைவு இருந்தாலொழிய அவர் பொறுப்பாளியல்ல என்பதே தீர்ப்பின் போக்கு. லங்காஷயர் மில்காரன் நீர்த்தேக்கத்துக்குப் போட்ட அளவுகோலை நம் ஏரிக்குப் போடக்கூடாது என்று லண்டனில் உட்கார்ந்தவர்களுக்கே தெரிந்திருக்கிறது. 2015-க்குப் பிறகு இந்த வழக்கைப் படித்தால் இன்னொன்றும் தோன்றும். கவனக்குறைவு இருந்தாலொழிய என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, அங்கேதான் எல்லாம் இருக்கிறது. 19 கண் மதகை எப்போது, எவ்வளவு தூக்குவது என்பதும் ஒரு டிஸ்கிரிஷன்தான். கொஞ்சம் கொஞ்சமாக முன்னாலேயே திறப்பதா, பொறுத்திருந்து மொத்தமாகத் திறப்பதா? எங்கள் ஊர் டீக்கடையில் இந்த அப்பீல் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

முத்துசாமி ஐயரிடம் திரும்பி வருகிறேன். அவர் காலத்துக் கோர்ட்டிலும் எல்லாம் விகிதாசாரப்படி நடந்தது என்று நான் சொன்னால் அது மலருக்காகச் சொன்ன பொய்யாகிவிடும். வட்டி விஷயம் ஒன்று போதும். பழைய தர்மசாஸ்திரத்தில் தாம்துபத் என்று ஒரு விதி. வட்டி எவ்வளவு ஏறினாலும் ஒரே நேரத்தில் அசலுக்கு மேல் வசூலிக்கக் கூடாது. பம்பாய் ஹைகோர்ட் அதை ஏற்றுக்கொண்டது. சென்னை ஹைகோர்ட் ஏற்கவில்லை, ஒப்பந்தத்தில் எழுதிய வட்டி எழுதியதுதான் என்ற பக்கம் நின்றது. இங்கே விவசாயிகள் எத்தனை பேர் நிலத்தை இழந்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். ராஜாஜி முதல் மந்திரியாக இருந்தபோது 1938-இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தார். பழைய கடனில் அசலைப்போல் இரண்டு மடங்கு கட்டிவிட்டவனுக்குக் கடன் தீர்ந்தது என்று எழுத வேண்டிவந்தது. நீதிபதி கையில் விட்ட இடத்தில் நியாயம் கிடைக்காவிட்டால், சட்டசபை வந்து கோடு போட்டுவிடும். எதிர்ப்பக்கமும் நடக்கிறது. இடத்தை எழுதிக் கொடு என்று உத்தரவிடலாமா வேண்டாமா என்று நீதிபதிக்கு நூற்று நாற்பது வருஷமாக இருந்த அந்த உரிமையை 2018-இல் திருத்தச் சட்டம் எடுத்துவிட்டது. வியாபாரத்துக்கு நிச்சயம் வேண்டும் என்பது காரணம். சரியா தப்பா என்று வக்கீல்கள் அடித்துக்கொள்கிறார்கள். நினைத்துப் பார்த்திராத கஷ்டத்தில் மாட்டிக்கொண்ட ஒரு ஆளை நேரில் பார்க்கிறவர் நீதிபதிதான், பார்லிமெண்ட் அல்ல என்பது என் கட்சி.

1891-இல் மலபார் கல்யாணக் கமிஷனுக்கு அவர் தலைவர். மருமக்கத்தாயக் குடும்பங்களில் சம்பந்தம் என்ற உறவைச் சட்டப்படி கல்யாணமாக ஏற்கலாமா என்பது கேள்வி, சங்கரன் நாயர் கொண்டுவந்த மசோதாவை ஒட்டி எழுந்தது. அதிலிருந்து 1896-இல் வந்த சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, விரும்புகிறவர் பதிவு செய்துகொள்ளலாம் என்றது. அதைப் பார்க்க அவர் இல்லை. 1893-இல் சில மாதம் தற்காலிகத் தலைமை நீதிபதியாக இருந்தார், அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் இந்தியரும் அவரே. சர் பட்டமும் வந்தது. 1895 ஜனவரி 25-இல், அறுபத்துமூன்று வயது முடிய மூன்று நாள் இருக்கும்போது காலமானார். இப்போது நாம் பார்க்கும் சிவப்புக் கட்டடத்தில் அவர் வேலை பார்த்தது இரண்டரை வருஷம்தான், 1892-இல் தான் அது திறந்தது. ஆனால் சிலையாக நூறு வருஷத்துக்கு மேல் அங்கேயே இருக்கிறார்.

என் வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வக்கீல் நோட்டீஸில் ஒரே கேள்விதான் முக்கியம். தாமதத்தால் உங்களுக்கு உண்மையில் நஷ்டம் எவ்வளவு? அவர்கள் ஸ்டோரில் மூன்று வாரத்துக்குச் சரக்கு இருந்தது, லைன் ஒரு நாளும் நிற்கவில்லை என்று எங்களுக்குத் தெரியும். சுப்ரீம் கோர்ட் 1963-இல் டில்லியில் ஒரு பங்களா வழக்கில், முன்பணமாகக் கொடுத்த 1,000 ரூபாயைத்தான் பறிமுதல் செய்யலாம், அதற்கு மேல் வாங்கிய 24,000-ஐ அப்படியே அமுக்கிக்கொள்ள முடியாது என்று சொன்னதையும், நஷ்டமே இல்லாத இடத்தில் ஈடு கிடையாது என்று 2015 ஜனவரியில் சொன்னதையும் வக்கீல் எழுதினார். ஒன்றரை வருஷம் இழுத்தது. கடைசியில் 48,000-ஐ வைத்துக்கொண்டு பாக்கி 1,34,400-ஐத் திருப்பிக் கொடுத்தார்கள். அப்பா அந்தப் பணத்தில் மில்லிங் மெஷினுக்கு ஸ்பிண்டில் மாற்றினார்.

இத்தோடு முடித்திருந்தால் நான் நல்லவனாக இருந்திருப்பேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். திருமழிசையில் எங்களுக்குப் பிளேட்டிங் செய்து கொடுக்கிற ஒரு சின்ன யூனிட், அண்ணன் தம்பி இரண்டு பேர் நடத்துவது, 85,000 ரூபாய் வேலையை 6 நாள் தாமதமாகக் கொடுத்தார்கள். கரண்ட் இல்லை, கெமிக்கல் தொட்டியில் மழைத்தண்ணி. எங்கள் அக்கவுண்ட்ஸ் பொண்ணு 12 சதவீதம் கழித்து 74,800-க்கு பில் போட்டுவிட்டது. ஏன்ம்மா என்று கேட்டேன். ஆர்டரில் இருக்கிறதே சார் என்றது. எடுத்துப் பார்த்தால் நாளுக்கு 2 சதவீதம். என்றைக்கோ எங்களுக்கு வந்த அந்த ஆர்டர் ஃபார்மையே யாரோ காப்பி பண்ணி, கம்பெனி பெயரை மட்டும் மாற்றி, எங்கள் ஃபார்ம் ஆக்கியிருக்கிறார்கள். யாரோ என்ன, நான்தான்.

பெரியவர் நேரில் வந்தார். தம்பி, நீங்களே இப்படிப் பண்ணலாமா என்று கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டது நாங்கதானே என்றார். அப்பா அன்றைக்குச் சொன்ன அதே வாக்கியம். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள்.

உட்கார்ந்து என் நஷ்டம் எவ்வளவு என்று கணக்குப் போட்டேன். அவசரத்துக்கு இரண்டு நடை வண்டி வாடகை 1,400. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருக்கு ஓவர்டைம் 2,100. ஆக 3,500. கழித்த 10,200-இல் மீதி 6,700-ஐத் திருப்பிக் கொடுத்தேன். அவர் எண்ணிப் பார்த்துவிட்டு, வண்டி வாடகை சரி தம்பி, ஆனா அந்த ஞாயித்துக்கிழமை உங்க ஷெட்ல வேற கம்பெனி வேலையும் ஓடுச்சே, ஓவர்டைம் முழுசும் எங்க கணக்கா என்றார். ஓடியது உண்மைதான். எவ்வளவு நேரம் எந்த வேலை என்று லாக் புக்கில் எழுதவில்லை. 1,050 என்றேன் நான். 700 என்றார் அவர். டீ வந்தது, குடித்தோம், முடிவாகவில்லை. ஃபார்மில் அந்த வரியை அடித்துவிட்டு, தாமதத்தால் நேர்ந்த உண்மையான செலவு, அதிகபட்சம் 5 சதவீதம் என்று மாற்றி எழுதியாகிவிட்டது. ஓவர்டைம் மட்டும் பாக்கி நிற்கிறது. ரீயூனியனுக்கு வரும்போது, நம் காலேஜில் படித்துவிட்டு வக்கீலாகப் போனவர் யாராவது இருந்தால், சாப்பாட்டுப் பந்தலில் என்னைத் தேடிப் பிடிக்கவும். லாக் புக்கையும் எடுத்து வருகிறேன்.